மேகம் ஏன் சாம்பலாகுது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. இதைப் படிச்சதுலேருந்து மண்டைக்குள்ளேயே ஓடிட்டு இருக்கு. "ஃபோட்டோவை எடிட் பண்றப்ப, பளிச்சுனு இருக்கற பகுதியை இறக்கற ஹைலைட்ஸ் ஸ்லைடரை மைனஸ் 100 வரைக்கும் இழுத்துட்டேன் சார். மேகம் தெரியலை, சாம்பல் பூசின மாதிரி ஆயிடுச்சு. சாஃப்ட்வேர் சரியில்லையா?"

சாஃப்ட்வேர் பாவம்ங்க. தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்வேன்னு தெரியும்: சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும். படத்துல ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது புள்ளிக்கும், சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனல். மூணும் உச்ச அளவான 255ஐத் தொட்டுட்டா அங்க மேகமே பதிவாகலைன்னு அர்த்தம். பக்கத்துப் பிக்சலும் 255, அதுக்குப் பக்கத்துலயும் 255. இறக்கினா எல்லாம் ஒண்ணா இறங்கும். அதான் உங்க சாம்பல். ஒரு சேனல் மட்டும் போயிருந்தா, ரா ஃபைல்ல (கேமரா சென்சார் பிடிச்சதை அப்படியே வெச்சிருக்கற ஃபைல்) மத்த ரெண்டை வெச்சு ஓரளவு ஊகிச்சு மீட்டுடும். சுருக்கிச் சேமிக்கற ஜேபெக்ல ஒரு சேனலுக்கு 256 வெளிச்சப் படிதான். 14 பிட் ராவுல 16,384.

நானே ஒரு தடவை மலை உச்சியில விடியற்காலையில போய் நின்னு, வானம் பிரமாதமா இருக்குன்னு சுட்டுத் தள்ளினேன். இறங்கி வந்து பாத்தா கேமரா ஜேபெக்ல இருக்கு, மேகமெல்லாம் சுண்ணாம்புச் சுவரு. சட்டியே காலி!

பதிவாகியிருந்தா வேலை சுலபம். மேகத்தைப் பளிச்சுனு ஆக்காதீங்க, சுத்தி இருக்கற நீலத்தை இருட்டாக்குங்க, மேகம் தானா எழும்பி வரும். வானத்துல ஆரம்பிச்சு கீழே படிப்படியா மங்கற கிரேடியண்ட் மாஸ்க் போட்டு அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் இறக்குங்க (ஒரு ஸ்டாப் இறக்கினா வெளிச்சம் பாதியாகும்). மலையும் சேர்ந்து இருட்டாச்சுன்னா, பிரகாசத்தை வெச்சு மாஸ்க்லேருந்து மலையைக் கழிச்சுடுங்க. மங்கலை விலக்கற டீஹேஸ் ஸ்லைடரைக் கொஞ்சமா தொடுங்க. ஜாஸ்தியானா மலை விளிம்புல வெள்ளைக் கோடு ஓடும், நீலத்துல பொரிப்பொரியா நாய்ஸ் கிளம்பும். கறுப்பு வெள்ளைன்னா நீல ஸ்லைடரை இறக்கினாலே போதும், மேகம் வெள்ளையா நிக்கும்.

இது இன்னைக்கு வந்த தலைவலி இல்லைங்க. 1850கள்ல பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ கிரேன்னு ஒரு போட்டோகிராஃபர். அப்போ படம் பதியற கண்ணாடி பிளேட் முக்கியமா நீல ஒளியைத்தான் பிடிக்கும், அதனால கடலுக்கு வெளிச்சத்தைச் சரியா வெச்சா வானம் வெறும் வெள்ளை. மனுஷன் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து ஒரே பிரிண்ட்ல சேர்த்தார். சட்டியை நிரப்பிட்டுதான் அகப்பையைத் தூக்கினார், பாருங்க!

நீங்க கேட்டிருக்க வேண்டியது, "எடுக்கறப்ப எவ்வளவு இறக்கணும்?" கேமராவுல ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுக்குங்க, வெளுத்துப்போன இடம் திரையில மினுக்கும். மேகத்துல மினுக்குறது நிக்கற வரைக்கும் எக்ஸ்போஷரை, அதாவது படத்துல பதியற வெளிச்சத்தை, இறக்குங்க. தரை இருட்டா இருந்தா பரவாயில்லை, ராவுல தூக்கிக்கலாம். ரொம்ப இருட்டுன்னா, கேமராவை அசைக்காம தரைக்கு ஒண்ணு, வானத்துக்கு ஒண்ணு எடுத்துச் சேர்த்துக்குங்க. சூரியன் மட்டும் மினுக்கினா விட்டுடுங்க, அதுக்குள்ள என்னத்தைத் தேடப் போறோம்? சரி, அடுத்து யாரு?