எண்பது வயதுத் துறவியும் சவேரியாரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இயேசு சபைக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் என்றதும் நம் முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு மணப்பாடும் தூத்துக்குடியும்தான் நினைவுக்கு வரும். 1542-இல் வந்தார், செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்தார், கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் நமக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லியே தெரிந்த கதை. நான் இன்று பேச வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் ஒரு பௌத்தத் துறவியோடு அவருக்கு உண்டான நட்பைப் பற்றி.

1549 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஒரு சீனக் கப்பலில் ககோஷிமா துறைமுகத்தில் வந்து இறங்குகிறார் சவேரியார். கூடவே கொஸ்மே தெ தொர்ரெஸ் என்ற குருவானவர், யுவான் பெர்னாண்டஸ் என்ற சகோதரர், அப்புறம் அஞ்சிரோ. இந்த அஞ்சிரோவுக்குக் ககோஷிமாதான் சொந்த ஊர். கொலைப்பழிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடியவர். மலாக்காவில் சவேரியாரைச் சந்தித்து, கோவாவில் திருமுழுக்குப் பெற்றவர். அவர் வழியாகத்தான் அந்த ஊர்க் கதவுகள் திறந்தன. ககோஷிமாவை உள்ளடக்கிய சத்சுமா நாட்டை ஆண்ட ஷிமாசு தகாஹிசாவே சவேரியாரை வரவேற்றுப் பேசினார்.

ஷிமாசு குடும்பத்தாருக்கு ஃபுகுஷோஜி என்றொரு பெரிய ஜென் மடம் இருந்தது. ஜென் என்பது தியானத்தை முதன்மையாகக் கொண்ட பௌத்தப் பிரிவு. அந்த மடத்தின் தலைவர் நிஞ்ஜிட்சு. வயது எண்பது. 1549 நவம்பர் 5-ஆம் தேதி கோவாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சவேரியார் இவரைப் பற்றிச் சொல்கிறார்: கல்வியாலும் வாழ்க்கையாலும் வயதாலும் எல்லாரும் மதிக்கும் மனிதர், அவர்களுக்குள் ஓர் ஆயரைப் போன்றவர், அவரோடு பலமுறை பேசினேன். அதோடு, இவர் என்னிடம் காட்டும் நட்பு வியப்பாக இருக்கிறது என்றும் எழுதுகிறார்.

அதே கடிதத்தில் அந்த ஊர்ப் பிக்குகளின் ஒழுக்கத்தைச் சவேரியார் மிகக் கடுமையாகத் தாக்குகிறார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நம் கடற்கரையில் இருந்தபோது பிராமணர்களைப் பற்றி அவர் எழுதியவையும் இன்று வாசிக்கக் கூசும் வரிகள். பிற சமயத்தாரிடம் எளிதில் இளகுகிற மனிதர் இல்லை அவர். அப்படிப்பட்டவர் ஒரு மடாதிபதியை நண்பர் என்று எழுதுகிறார் என்பதால்தான் இந்த நட்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மொழியும் தடையாக இருந்தது. எங்களைப் பற்றி அவர்கள் என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள், நாங்கள் ஒன்றும் புரியாமல் சிலைகளைப் போல நிற்கிறோம் என்று அவரே எழுதுகிறார். அஞ்சிரோ பௌத்த நூல்களை முறையாகக் கற்றவர் இல்லை. அவருடைய பேச்சு வழியாகத்தான் இந்த இருவரும் ஆன்மாவைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். இதற்கு இரண்டு பக்கமும் எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

1563-இல் ஜப்பான் வந்த லூயிஸ் ஃப்ராய்ஸ் என்ற இயேசு சபைக் குரு எழுதி வைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. மடத்தில் துறவிகள் வரிசையாக உட்கார்ந்து தியானம் செய்கிறார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சவேரியார் கேட்கிறார். நிஞ்ஜிட்சு சிரித்துவிட்டு, போன மாதங்களில் பக்தர்களிடமிருந்து எவ்வளவு வந்தது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள், நல்ல துணிமணி எங்கே கிடைக்கும் என்று சிலர் யோசிக்கிறார்கள், சிலர் பொழுதுபோக்கை நினைக்கிறார்கள், உருப்படியாக யாரும் எதையும் நினைக்கவில்லை என்கிறாராம். தூர தேசத்திலிருந்து வந்த வேற்றுச் சமயத்துக்காரரிடம் ஒரு மடத்தின் தலைவர் தன் வீட்டுக் குறையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்தப் பேச்சு வராது.

இன்னொரு நாள் சவேரியார், இளமை நல்லதா முதுமை நல்லதா என்று கேட்டார். இளமைதான், உடம்பில் வலு இருக்கும், விரும்பியதைச் செய்யலாம் என்றார் துறவி. கப்பலில் போகிறவனுக்கு எது மகிழ்ச்சியான நேரம், நடுக்கடலில் புயலில் இருக்கும்போதா, துறைமுகம் நெருங்கும்போதா என்று சவேரியார் மடக்கினார். அதற்கு நிஞ்ஜிட்சு, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் எந்தத் துறைக்குப் போகிறேன் என்றே தெரியாத எனக்கு அது பொருந்தாது என்றார். எண்பது வயதில் இதைச் சொல்ல மனத்துணிவு வேண்டும். எனக்கு இந்தப் பதில் சவேரியாரின் கேள்வியைவிடப் பிடித்திருக்கிறது.

ஆன்மா அழியாததா, உடம்போடு போய்விடுவதா என்ற கேள்விக்கும் இப்படித்தான். நிஞ்ஜிட்சு ஒரு சமயம் ஆம் என்பார், ஒரு சமயம் இல்லை என்பார். சவேரியார் இதைத் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டார். நம் மணிமேகலையைப் படித்தவர்களுக்கு வேறொன்று தோன்றும். அதன் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், வினாக்களுக்கு விடை நான்கு வகை என்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு (பிரித்து) மொழிதல், வினாவின் விடுத்தல் (எதிர்க்கேள்வியால் விடை சொல்லல்), வாய்வாளாமை (பேசாதிருத்தல்). எல்லாக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது என்பது பௌத்தத்தின் பழைய பயிற்சி. உயிரும் உடம்பும் ஒன்றா வேறா என்று சீடர் மாலுங்கியபுத்தர் கேட்டபோது புத்தரே விடை சொல்லாமல் விட்டார். அந்த மரபில் வந்த கிழவரிடம் உறுதியான ஒரு சொல்லைக் கேட்டு நின்றார் சவேரியார். அந்த மரபின் உள்வழிகளை எடுத்துச் சொல்ல இடையில் ஆள் இல்லை.

இப்படி ஒத்துப்போகாமலேதான் அவர்கள் நண்பர்களாக இருந்தார்கள். நிஞ்ஜிட்சு திருமுழுக்குக் கேட்கவில்லை. சவேரியாரும் தன் கொள்கையில் ஒரு எழுத்தைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. வெளியில் நிலைமை கெட்டுக்கொண்டுதான் வந்தது. ககோஷிமாவில் சுமார் நூறு பேர் கிறிஸ்தவர்களான பிறகு, 1550-இல், பிக்குகளின் நெருக்குதலுக்கு இணங்கி, இனி யாரும் சேரக்கூடாது என்று தகாஹிசா தடை போட்டார். சவேரியார் ஹிராடோவுக்குக் கிளம்பினார். அங்கிருந்து யமகுச்சி, பிறகு தலைநகரான மியாக்கோ, அதாவது இன்றைய கியோட்டோ.

1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் பாருங்கள். ஜப்பானுக்கு அனுப்பும் குருக்கள் நன்கு படித்தவர்களாக, தர்க்கம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், அங்கே ஓயாமல் கேள்வி கேட்பார்கள் என்கிறார். குளிர் தாங்கக்கூடிய ஃபிளாண்டர்ஸ்காரர்களையும் ஜெர்மானியர்களையும் அனுப்புங்கள் என்றுகூடச் சொல்கிறார். நம் கடற்கரையில் சில செபங்களைக் கற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், இப்போது தத்துவம் படித்த ஆட்களைக் கேட்கிறார். யமகுச்சியில் பௌத்தர்களோடு நடந்த வாதங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவரை முதலில் அப்படி யோசிக்க வைத்தவர் ஃபுகுஷோஜி மடத்துக் கிழவர்தான் என்று நான் நம்புகிறேன்.