உடைந்த பேலன்ஸ் ஸ்டாஃபைக் கையால் கடைந்து போடுவோம் | பழைய சோவார் பிரைமா

வணக்கம் நண்பர்களே. மேஜை மேல் இருப்பது சோவார் பிரைமா, சாவி கொடுக்கிற வாட்ச். வெஸ்ட் எண்ட் கம்பெனி சுவிட்சர்லாந்தில் செய்து வாங்கி நம் நாட்டில் விற்றது. தாத்தா கட்டியது என்று பல வீட்டு பீரோவில் தூங்குவது இந்த ரகம்தான். "பார்ட்ஸ் வராது" என்று சொல்லி இதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வராது, உண்மைதான். ஆனால் செய்யலாமே.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் சாய்ந்து கிடக்கிறது, தெரிகிறதா? அதன் நடுவில் இருக்கும் அச்சுதான் பேலன்ஸ் ஸ்டாஃப். அதன் கீழ் முனை, பிவட் என்போம், ஒடிந்துவிட்டது. வாட்ச் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. இவ்வளவு பழைய வாட்சில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் கிடையாது, அடி நேராகப் பிவட்டில் இறங்கும். எச்எம்டி ஜனதா வைத்திருப்பவர்கள் கவலைப்படவேண்டாம். அதில் அந்த ஸ்பிரிங் உண்டு, உதிரி பாகமும் இன்னும் கிடைக்கிறது.

இதே மாதிரி இன்னொரு வாட்ச் வாங்கி அதிலிருந்து கழற்றிப் போடச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஓடக்கூடிய ஒரு வாட்சைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்கவைப்பதா? போதாததற்கு, அந்த ஸ்டாஃபும் பல வருடம் ஓடித் தேய்ந்ததாகத்தான் இருக்கும்.

பழைய ஸ்டாஃபை வீலிலிருந்து எடுக்கவேண்டும். சுத்தியால் தட்டி வெளியே தள்ளாதீர்கள். வீலைப் பிடித்திருக்கும் ரிவெட் விளிம்பு விரிந்து இருப்பதால் வீலின் ஓட்டையையும் விரித்துக்கொண்டு வரும். லேத்தில் பிடித்து, வீலைத் தாங்கும் தடித்த பகுதியான ஹப்பைக் கடைந்து கரைத்துவிட்டால் ஸ்டாஃப் தானாகக் கழன்றுவிடும். பொறுமையான வேலை. ஆனால் அந்த வீல் போனால் வேறு வீல் இல்லை.

இப்போது அளவு. ஒவ்வொரு படியின் விட்டம், உயரம் எல்லாம் மைக்ரோமீட்டரில் எடுத்துத் தாளில் படமாகப் போட்டுவிட்டேன். ஒடியாத மேல் பிவட் 0.11 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மொத்த நீளத்தை உடைந்த ஸ்டாஃபில் எடுக்க முடியாது. பிவட் முனைகள் முட்டி நிற்க மேலும் கீழும் இருக்கும் மூடு கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, ஆடுவதற்குத் துளி இடம் விட்டுக் கணக்குப் போட்டேன்.

சரி, கம்பிக்கு வருவோம். நீலம் ஏற்றிய எஃகுக் கம்பி ரெடிமேடாகவே கிடைக்கும். நான் சில்வர் ஸ்டீல் என்ற கார்பன் எஃகில் செய்துகாட்டுகிறேன், ஏனென்றால் இந்த நிறம் மாறுவதை நீங்கள் பார்க்கவேண்டும். செக்கச்செவேல் என்று பழுத்ததும் எண்ணெயில் போட்டாயிற்று. இப்போது கம்பி நல்ல கடினம், ஆனால் தட்டினால் முறியும். மேலே பளபளப்பாகத் தேய்த்து, பித்தளைத் தட்டில் பித்தளைத் தூள் பரப்பி அதன்மேல் வைத்து, அடியில் ஸ்பிரிட் விளக்கு. பாருங்கள்... வெளிர் மஞ்சள். பழுப்பு. ஊதா வந்துவிட்டது. இதோ நீலம், முறியும் தன்மை குறைந்துவிட்டது, எடுத்துவிட்டேன். ஏறக்குறைய 300 டிகிரி. இன்னும் விட்டால் நீலம் வெளுத்து எஃகு இளகிவிடும்.

அப்புறம் கடைசல். கிரேவர், அதாவது கடையும் கை உளி, கூராக இருக்கிறதா என்று நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி கல்லில் தீட்டுங்கள். சீவல் சுருள்சுருளாக வரவேண்டும், பொடியாக உதிர்ந்தால் கூர் போய்விட்டது. முதலில் ஹப், வீல் உட்காரும் இடம், ரிவெட்டுக்கு உள்வெட்டு, ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளைப் பிடிக்கும் காலெட் வளையம் உட்காரும் இடம், மேல் பிவட். பிறகு வெட்டி எடுத்து, திருப்பி, அரக்கு வைத்து ஒட்டி, இம்மியும் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, ரோலர் என்ற சிறு தட்டு ஏறும் பக்கமும் கீழ் பிவட்டும்.

பிவட் அடியில் மூலை வெட்டாக இல்லாமல் வளைந்து ஏறுகிறது, கவனித்தீர்களா? அப்படி இருந்தால்தான் பலம். பிவட் சுற்றும் ஓட்டைக் கல்லில் இருக்கும் எண்ணெயும் மேலே ஏறிப் போகாது. அதை 0.12 வரை மட்டும் கடைந்து நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் பிவட் தேய்க்கும் ஜாகோ கருவியில் வைத்து, பர்னிஷர் என்ற வழவழப்பான எஃகுப் பட்டையால் அழுத்தித் தேய்த்து எடுக்கிறேன். மேல்தோல் இறுகி, பிவட் கண்ணாடியாக மின்னும். இந்த மினுக்கு இல்லாத ஸ்டாஃபை நான் எந்த வாட்சிலும் போடமாட்டேன்.

பிவட்டை ஓட்டைக் கல்லில் நிறுத்திப் பார்ப்போம். ஸ்டாஃப் லேசாகச் சாய்கிறது, கல்லைத் தலைகீழாகத் திருப்பினால் தானாக விழுகிறது. சரியான அளவு.

துளைத் தட்டும் உளியும் உள்ள ஸ்டேக்கிங் கருவியில் வைத்து வீலோடு ரிவெட் அடித்தாயிற்று, ரோலரும் ஏறிவிட்டது. வீல் எல்லாப் பக்கமும் ஒரே கனமா என்று பார்க்கும் பாய்சிங்கில் ஒரு பக்கம் கனமாக நின்றது, அதையும் சரிசெய்துவிட்டேன். ஹேர்ஸ்பிரிங் மாட்டி, டிக்-டிக் சமமாக வருகிறதா என்று பீட் பார்ப்பது அடுத்த வீடியோவில். உங்களிடம் இப்படி நின்றுபோன வாட்ச் இருந்தால், உள்ளே உடைந்து கிடக்கும் துண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிது செய்பவருக்கு அதுதான் அளவு.