ஆறு மாதம் கேட்ட நூல்

அவையோர்க்கு வணக்கம். அண்மையில் படித்த நூல்களைப் பற்றிப் பேசுமாறு வாசகர் வட்டத்தார் பணித்தவுடன், இவ்வாண்டு படித்தவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொரு நூல்கள் தேறின. ஆனால் ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுத உட்கார்ந்தால் ஒன்பதுக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. ஆகவே எஞ்சிய இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலாவது, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. மடத்து உபசாரங்கள் நீளும் சில பக்கங்களை நான் வேகமாகவே புரட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கும்பகோணத்துப் பகுதிக்கு வந்ததும் என் வேகம் தானே அடங்கிவிட்டது. 1880-இல் அவர் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்த புதிதில், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் செல்கிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொல்ல, முதலியாரோ சீவக சிந்தாமணி என்னும் சமணக் காப்பியத்தைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை என்பதே விடை.

பின்னர் ஏட்டுப் பிரதியைப் பெற்றும் சமண சமயச் செய்திகள் விளங்காமல், விளக்கம் சொல்லக்கூடியவர்களைத் தேடி அவ்வூரிலேயே ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணமும் கோலமும். என்ன விசேஷம் என்று கேட்டால், ஆறு மாதமாகப் பாடம் கேட்டுவந்த சிந்தாமணி அன்றுதான் பூர்த்தியானதாம்! கற்றறிந்த புலவர் உலகம் மறந்திருந்த ஒரு நூலை, சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பம் விழா எடுத்து முடித்திருக்கிறது.

அந்த ஆறு மாதம் என்னை விடவில்லை. நான் பேசவந்த இரண்டாவது நூல் அந்தச் சிந்தாமணிதான். அதில் 3145 பாடல்கள். நாளொன்றுக்கு 17 அல்லது 18 என்று கணக்கிட்டு நானும் தொடங்கினேன். நான்காம் நாள் நெற்பயிரைப் பற்றிய பாடல் வந்தது. சூல்கொண்ட பச்சைப் பாம்புபோல் கருவுற்று, கீழோர் பெற்ற செல்வம்போல் நிமிர்ந்து நின்று, பிறகு கற்றோரைப்போல் தலைவணங்கும் அந்தக் கதிரைக் கண்டபின், அன்றைய மற்றப் பாடல்களுக்கு நான் போகவேயில்லை.

இப்படித் தாமதித்துத் தாமதித்து, மூன்று மாதமாகியும் காந்தருவதத்தையார் இலம்பகம் என்னும் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். யாழ்ப்போட்டிக்குக் கொண்டுவந்த யாழ்களின் மரத்திலும் நரம்பிலும் காப்பியத் தலைவன் சீவகன் குற்றம் கண்டு ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். நச்சினார்க்கினியர் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு முறை படித்தும், இசையறிவு இல்லாத எனக்கு அப்பகுதி பிடிபடவில்லை. இந்த அவையில் வீணை பயின்றவர் எவரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து புறப்பட்டுவிடாதீர்கள். புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.