மட்டாஞ்சேரி ஜூதப்பள்ளி: பத்துப் பேர் கூடினால்தான் வழிபாடு

வணக்கம். நான் இப்போது கொச்சி மட்டாஞ்சேரியில், யூதத் தெரு முடிகிற இடத்தில், மணிக்கூண்டுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற வெள்ளைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் பரதேசி ஜூதப்பள்ளி, அதாவது யூதர்களின் வழிபாட்டிடம். உள்ளே படம் பிடிக்க விடவில்லை என்பதால், கேமராவையும் செருப்பையும் வெளியே விட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததையும், வருவதற்கு முன்பு சில மாதங்களாகப் படித்துச் சேர்த்ததையும் இந்தத் தெருவில் நின்றபடியே சொல்லப் போகிறேன். காட்சிகள் குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இன்று ஒருவரைப் பரதேசி என்று அழைத்தால் அடிக்க வந்துவிடுவார். இங்கே அந்தச் சொல் அதன் பழைய பொருளிலேயே, அதாவது வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்ற பொருளிலேயே நிற்கிறது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் துரத்தப்பட்டவர்களும், அலெப்போ, பாக்தாத் போன்ற ஊர்களிலிருந்து வணிகத்துக்காக வந்தவர்களும் 1568இல் கொச்சி அரசர் கொடுத்த நிலத்தில், அரண்மனைச் சுவரை ஒட்டியே இந்தப் பள்ளியைக் கட்டினார்கள். ஆனால் கேரளத்தில் யூதர்களின் வரலாறு அவர்களோடு தொடங்கவில்லை. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை அளித்து வெட்டிக்கொடுத்த செப்பேடு இந்தப் பள்ளியின் பொறுப்பில்தான் இருக்கிறது. அது வட்டெழுத்தில் இருக்கிறது என்பதும், பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று அதில் வருகிற சொற்களைப் படித்தால் நமக்கு அகராதியே தேவைப்படாது என்பதும் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. பாவாடை என்றால் இங்கே உடை அல்ல. மதிப்புக்குரியவர் நடந்து வரும் வழியில் விரிக்கும் துணி. பகலிலும் விளக்கு ஏந்தி, நடைபாவாடை விரித்து, குடை பிடித்து ஊர்வலம் போகும் உரிமை அந்தக் காலத்தில் பொன்னைவிடப் பெரியது.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் தரையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த, கையால் நீல வண்ணம் தீட்டிய வெள்ளை ஓடுகள் அவை. அழகானவை என்பதில் ஐயமில்லை. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. 1760இல் எசக்கியேல் ரகாபி என்ற பெருவணிகர் கட்டிய இந்த மணிக்கூண்டில் எபிரேய எண்கள் ஒரு முகத்திலும் ரோமன் எண்கள் இன்னொன்றிலும் மலையாள எண்கள் வேறொன்றிலும் இருக்கின்றன. வழிகாட்டிகள் இவற்றைச் சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தை அழைக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த அறையில் மனிதர்கள் என்ன செய்தார்கள், எப்போது கூடினார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டால்தான் இந்தக் கட்டடம் புரியத் தொடங்குகிறது.

யூத மரபில் பொது வழிபாட்டுக்குக் கட்டடத்தைவிட ஆட்கணக்கு முக்கியம். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். ஒருவர் தனியாகவும் இறைவனை வேண்டலாம் என்றாலும், பத்துப் பேர் இல்லாமல், தோரா என்ற யூத வேதம் எழுதிய சுருளைத் திறந்து சபை முன் வாசிக்க முடியாது, இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷையும் சொல்ல முடியாது. கேரள யூதர்களிடம் முறையாகப் பட்டம் பெற்ற ரபி, அதாவது சமயகுரு, இருந்ததில்லை. கற்றறிந்த பெரியவர்களே முன்னின்று வழிபாட்டை நடத்தினார்கள் என்பதால், குருக்கள் இல்லை என்று இங்கே ஒரு நாளும் வழிபாடு நின்றிருக்காது. ஆனால் பத்தாவது ஆள் வராவிட்டால் நின்றுபோகும்.

உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த ஒரு மேடை இருக்கிறது. அதைத் தெபா என்கிறார்கள். எதிரே எருசலேமின் திசையை நோக்கி, தோராச் சுருள்கள் வைக்கும் ஹேகால் என்ற பேழை, செதுக்கு வேலைப்பாட்டோடு நிற்கிறது. இதுவரை எந்த ஜூதப்பள்ளியிலும் காணக்கூடிய அமைப்புதான். ஆனால் தலையை நிமிர்த்திப் பார்த்தால் மாடத்தில் இன்னொரு தெபா தெரிகிறது. அது கேரளத்துப் பள்ளிகளுக்கே உரியது. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் வாராந்தர ஓய்வு நாளிலும் பண்டிகைகளிலும் தோராவை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசிப்பார்கள். அந்த மேல்மேடைக்குப் பின்னால், ஒரு தட்டிக்கு அப்பால், பெண்களின் இடம் இருக்கிறது. அதாவது பெண்கள் தொலைவில் ஒதுக்கப்பட்டிருந்தாலும், வாசிப்பு நடக்கும் நேரத்தில் கீழே இருக்கும் ஆண்களைவிட அவர்களே வேதத்துக்கு அருகில் இருந்தார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் படியில் நின்று பார்த்தபோது மனம் மகிழ்ந்தது.

பெண்களைப் பற்றிப் பேசும்போது பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்கள் எபிரேயத்தில் பாடினார்கள். பெண்களோ எபிரேயத்திலும் பாடினார்கள், அதற்கு மேல் மலையாளத்திலும் பாடினார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்துவந்தார்கள். ஏறக்குறைய 300 பாட்டுகள் அப்படித்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன. திருமணப் பாட்டுகள், வேதாகமக் கதைப் பாட்டுகள், தங்கள் ஊரில் பள்ளி எழும்பிய கதையைச் சொல்லும் பாட்டுகள் என்று அவற்றில் பல வகை உண்டு. ஆண்கள் முன்னிலையில் பெண்கள் குரலெழுப்பிப் பாடக் கூடாது என்று பல நாடுகளின் பழமைவாத யூதர்கள் கருதியிருக்க, கொச்சியில் அது குறையாகக் கருதப்படவில்லை.

ஆண்டில் ஒரு நாள் இந்தத் தெருவே மாறிப்போகும் என்றால் அது சிம்ஹத் தோரா. ஓர் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் வாசித்து வந்த தோராவை முடித்து, அன்றே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் நாள் அது. நம் கணக்குப்படி புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும். உலகெங்கும் யூதர்கள் அன்று சுருள்களைக் கையில் ஏந்திப் பள்ளிக்குள் ஆடிப்பாடிச் சுற்றுவார்கள். கொச்சியில் அதற்கு மேலும் மூன்று வழக்கங்கள் இருந்தன. பேழைக்கு முன்னால் ஒரு தற்காலிகப் பேழையை அமைத்து, வெள்ளியும் பொன்னும் பூண்ட உறைகளில் உள்ள எல்லாச் சுருள்களையும் அதில் எல்லோரும் காணும்படி அலங்கரித்து வைத்தார்கள். பிற்பகலில் அவற்றைக் கட்டடத்துக்கு வெளியே எடுத்துவந்து முற்றத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். விழா முடிந்ததும் அந்தத் தற்காலிகப் பேழையைச் சடங்கோடு பிரித்து இறக்கினார்கள். வாசலில் அடுக்கடுக்காக எண்ணெய் விளக்குகள் எரிந்தன. இங்கே ஆய்வு செய்தவர்கள் இந்த மூன்றையும் பக்கத்துக் கோயில் திருவிழாவோடு ஒப்பிடுகிறார்கள். தெய்வத்தை அலங்கரித்துக் காட்டுவதும், புறப்பாடு நடத்துவதும், முடிவில் கலைப்பதும் நமக்குப் புதிதா என்ன? வேதத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் விழாவின் நடையை மட்டும் ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகைக்கான வேலை இங்கே நூறு நாளுக்கு முன்பே, ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு தொடங்கிவிடும். வீடு வெள்ளையடிக்கப்படும், கிணறு இறைத்துச் சுத்தம் செய்யப்படும், அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி வைப்பார்கள். ஐரோப்பிய யூதர்களில் பலர் பஸ்காவில் அரிசி உண்ண மாட்டார்கள், இவர்கள் உண்டார்கள். ஆனால் உடைந்த மணி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள். இந்த நூறு நாளில் மனைவி ஒரு தவறு செய்தால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து வரும் என்ற நம்பிக்கை இருந்ததாம். இவ்வளவு பாரத்தையும் பெண்களின் தலையில் ஏற்றியவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் அரிசி பொறுக்கியிருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது, உள்ளே எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. இந்தச் சின்னச் சமூகத்துக்குள் நிறவேறுபாடும் பிறப்புவேறுபாடும் கொடுமையாக இருந்தன. முன்பு அடிமைகளாக இருந்து யூத சமயத்துக்கு வந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோரை இந்தப் பள்ளிக்குள் பெஞ்சில் உட்கார விடவில்லை. அவர்கள் முன்னறையில் தரையில் உட்கார வேண்டும், தோரா வாசிக்க அவர்களை அழைக்க மாட்டார்கள். மின்யானுக்கு ஆளைத் தேடும் சமூகம், வாசலில் காத்திருந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882இல் பிறந்த ஆபிரகாம் பராக் சாலம், சென்னையில் பட்டமும் சட்டமும் படித்துத் திரும்பி, கொச்சியின் சட்டமன்றத்திலும் இருந்தவர். அவர் காந்தியின் வழியைத் தம் சொந்தப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்து சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன என்றாலும், 1950இல் அவருடைய மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அதற்குப் பம்பாய் வரை போக வேண்டியிருந்தது.

பரதேசிகளைத் தவிர, அவர்களுக்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்த மலபாரி யூதர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று இரண்டும், எர்ணாகுளத்தில் அதே பெயர்களில் இரண்டும், பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றும் சேர்த்தால், இந்தப் பள்ளியோடு மொத்தம் எட்டு. நாடு விடுதலை அடைந்த காலத்தில் கேரள யூதர்கள் ஏறத்தாழ 2,500 பேர். 1950களின் நடுவில் மலபாரிகள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனார்கள். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் அந்த நாடு முதலில் தயங்கியதும், சாலம் அங்கே நேரில் சென்று பேசியதும் இதற்குள் அடங்கிய கதைகள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரில் அவர்கள் பூ வளர்த்துப் பிழைத்தார்கள். அங்கே இன்றும் ஒரு கொச்சிப் பள்ளியும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

ஆட்கள் போன பிறகு பள்ளிகளுக்கு என்ன ஆயிற்று என்பது வெவ்வேறு கதை. பரவூரும் சேந்தமங்கலமும் அரசு செப்பனிட்ட அருங்காட்சியகங்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகள் 1990களில் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. அந்த மரங்களை இழந்து நின்ற கட்டடம் 2019இல் மழைக்கு ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. இரண்டையும் சேர்த்து நினைத்தால், எதைக் காப்பாற்றினோம் என்ற கேள்வி வருகிறது.

பரதேசிப் பள்ளி மட்டும் வழிபாட்டிடமாகவே நின்றது. 1968இல் அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலை வெளியானது. ஆனால் அப்போதே தெரு காலியாகத் தொடங்கியிருந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் மின்யானுக்காகப் பயணிகளை எதிர்பார்த்தார்கள்; இஸ்ரேலிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ போதிய யூத ஆண்கள் வந்து தங்கியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை மாலை விளக்கு எரியும். யூதத் தெருவில் தம் கையால் தொப்பிகளும் ரொட்டி மூடும் துணிகளும் தைத்து விற்றுவந்த மூதாட்டி 2019இல் தமது 96ஆம் வயதில் காலமானார். அந்தக் கடையை அவரை அன்னைபோல் பார்த்துக்கொண்ட ஓர் இஸ்லாமியர் நடத்துகிறார். 2022இல் கொச்சியில் ஒரு யூதத் திருமணம் நடந்தபோது, அது பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. அதையும் பள்ளியில் நடத்தவில்லை, தனியார் விடுதி ஒன்றில் பந்தல் போட்டு நடத்தினார்கள்.

இப்போது கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்கிறேன். வீடுகளுக்கு நடுவே வெள்ளையடித்த இந்தச் சிறிய மேடை தெரிகிறதா? இது நெகேமியா மோத்தா என்ற கவிஞரின் கல்லறை. 1615இல், ஹனுக்காவின் முதல் நாளில் அவர் காலமானார். அவர் எபிரேயத்தில் எழுதிய பாட்டுகள் கொச்சி யூதர்களின் வழிபாட்டு நூலில் இருக்கின்றன. சுற்றியிருந்த பழைய இடுகாடு மறைந்துவிட்டது, இது மட்டும் நிற்கிறது. அவர் நினைவு நாளில் யூதர்கள் இங்கே கூடி வேண்டிக்கொள்வதும் விருந்து வைப்பதும் வழக்கம்; அக்கம்பக்கத்து இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் ஆண்டு முழுவதும் வந்து நேர்ந்துகொள்கிறார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மா கைப்பையிலிருந்து இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்துக் காற்றுக்கு மறைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவர் முகம் படத்தில் வராமல் கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறேன்.