ஆன் ஆகாத லேப்டாப்பும் 30 விநாடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ராத்திரி மூடி வைத்த லேப்டாப்பைக் காலையில் திறக்கிறீர்கள். பவர் பட்டனை அழுத்தியும் திரை கறுப்பாகவே கிடக்கிறது. அல்லது டைப் செய்துகொண்டிருக்கும்போதே மவுஸ் அம்பு நின்றுவிடுகிறது, எந்த கீயை அழுத்தினாலும் அசைவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டிய ஹார்டு ரீசெட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ரீசெட் என்றதுமே, 'ஐயோ, போட்டோ எல்லாம் அழிஞ்சிடுமே' என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அப்படி அழிப்பது ஃபேக்டரி ரீசெட். ஹார்டு ரீசெட்டில் மின்சாரத்தைத்தான் துண்டிக்கிறோம், டிஸ்கில் சேமித்த எதையும் தொடுவதில்லை. சேமிக்காமல் திறந்து வைத்திருந்த ஃபைல் மட்டும் போய்விடும்.

அந்த ஒரு ஃபைலுக்காகவாவது, உறைந்து நிற்கும் லேப்டாப்பில் எடுத்த எடுப்பில் பவர் பட்டனைத் தொடாதீர்கள். முதலில் கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே விண்டோஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரை மட்டும் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், திரை ஒருமுறை கறுத்து மீளும். திரையில் படம் காட்டவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். திறந்திருந்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. கேப்ஸ் லாக் விளக்கே அசையவில்லையா? இனி ஹார்டு ரீசெட்தான்.

இது எதனால் பலிக்கிறது என்று தெரிந்தால்தான் சரியாகச் செய்ய முடியும். லேப்டாப்பை ஆஃப் செய்தாலும் உள்ளே ஒரு சின்ன சிப் விழித்தே இருக்கிறது. எம்பெடட் கன்ட்ரோலர் என்பார்கள். பவர் பட்டனை அழுத்தியதை உணர்வது, பேட்டரிக்கு சார்ஜ் விடுவது, ஃபேன் வேகத்தைப் பார்த்துக்கொள்வது, மூடியைத் திறந்தீர்களா மூடினீர்களா என்று கவனிப்பது, எல்லாம் அதன் வேலை. பேட்டரியில் துளி சார்ஜ் இருக்கும் வரை அது ஓடும். அதுவும் ஒரு குட்டிக் கணினிதான். தூக்க நிலைக்குப் போகும்போதோ எழும்போதோ குழம்பி நின்றுவிடலாம். அது நின்றுவிட்டால், நீங்கள் பட்டனை அழுத்துவதைக் கவனிக்க உள்ளே ஆளில்லை.

பவர் பட்டனை 4 விநாடிக்கு மேல் பிடித்தால் லேப்டாப் அணைவது எல்லோருக்கும் தெரியும். கணினியின் மின்சாரத்தை நிர்வகிப்பதற்கான ஏசிபிஐ என்ற தரநிலையில் வகுத்த விதி அது. ஆனால் அந்த 4 விநாடியில் அணைவது பிராசஸரும் திரையும்தான். எம்பெடட் கன்ட்ரோலருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். 'அழுத்திப் பார்த்தேனே, ஒன்றும் நடக்கவில்லையே' என்பவர்களில் பலர் பாதியில் கையை எடுத்தவர்கள்.

முழுதாகச் செய்யும் முறை இது. சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவ், மவுஸ் டாங்கிள், எச்டிஎம்ஐ கேபிள், மெமரி கார்டு என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கெட்டுப்போன ஒரு பென் டிரைவே லேப்டாப்பைத் தொடங்கவிடாமல் நிறுத்திவைக்கும். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். இப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, நிதானமாக 30 வரை எண்ணுங்கள். நடுவில் ஏதாவது விளக்கு மின்னினாலும் விரலை எடுக்க வேண்டாம். பேட்டரி வெளியே இருந்தால், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இதில் வடிந்துவிடும். பேட்டரி உள்ளேயே பூட்டியிருக்கும் மாடல்கள் பலவற்றில், பட்டன் இத்தனை நேரம் அழுந்தியிருப்பதைக் கண்டதும் ஒரு தனிச் சுற்று கன்ட்ரோலரைப் புதிதாகத் தொடங்கவைக்கும். பிறகு பேட்டரியை மாட்டாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஓடினால் அணைத்துவிட்டு பேட்டரியை மாட்டலாம்.

கம்பெனிக்குக் கம்பெனி சில வேறுபாடுகள் உண்டு. லெனோவோ திங்க்பேட் பலவற்றின் அடிப்பக்கத்தில் ஓர் ஊசித்துளை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் நேராக விட்டு மெல்ல அழுத்தினால் 'டிக்' என்று ஒரு பட்டன் படும், அதுதான் ரீசெட் பட்டன். அதே கம்பெனியின் ஐடியாபேட்களில் பக்கவாட்டில் இருக்கும் துளை நோவோ பட்டன். அது பயாஸ் (லேப்டாப்பை முதலில் தொடங்கவைக்கும் அடிப்படை மென்பொருள்), ரிகவரி மெனுவைத் திறப்பதற்கு, இதற்கில்லை. மைக் துளையில் கிளிப்பை விட்டுவிடாதீர்கள், மைக் கிழிந்துவிடும். ஆப்பிள் எம் வரிசை மேக்புக்கில் பவர் பட்டனைப் பத்து விநாடி பிடித்து அணைத்து, சற்றுப் பொறுத்து ஆன் செய்தால் போதும்.

ஆன் ஆனதும் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல லேப்டாப்களில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் போட்டவர்களிடம் சில சமயம் 48 இலக்க ரிகவரி எண்ணைத் திரை கேட்கும். அதை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் டிஸ்கைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

ரீசெட் செய்யவே கூடாத நேரங்களும் உண்டு. பயாஸ் அப்டேட் ஓடும்போது திரை கறுத்து ஃபேன் மட்டும் சில நிமிடம் வேகமாகச் சுற்றும். செத்துவிட்டது என்று நினைத்து பவரை நிறுத்தினால், எழுதிக்கொண்டிருந்த பயாஸ் பாதியில் அறுந்து, உண்மையிலேயே செத்துவிடும். புதிதாக ரேம் மாட்டியபின் முதல் தடவை ஆன் ஆகவும் சில நிமிடம் பிடிக்கலாம். தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தால் சார்ஜரைப் பிடுங்கி, அணைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்து பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தக்கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

எதுவும் பலிக்காவிட்டால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். டைப் சி லேப்டாப்களில் பெரும்பாலானவை 20 வோல்ட் கேட்பவை, சாதாரண போன் சார்ஜரில் எழாது. பேட்டரி அடியோடு காலியாகியிருந்தால், சரியான சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுவிட்டு முயலுங்கள். ஃபேன் சத்தம் கேட்டும் திரை இருட்டாக இருந்தால், டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் போனது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்தான்.

கடைசியாக, மின்னும் விளக்கை எண்ணுங்கள். டெல்லின் பல மாடல்களில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்று மாறி மாறி மின்னினால் ரேம் தெரியவில்லை என்று அர்த்தம். எச்பியில் நீளமாக 3, குட்டையாக 2 வந்தால் அங்கேயும் ரேம் பக்கம்தான் கோளாறு. அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து, சார்ஜரோடு சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.