பெயிண்ட் அடிக்கிற செலவு யாரோடது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பள்ளிக்கரணையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணா, 11 மாசம் முடியப்போகுது. ஓனர் வாடகையை ஏத்தணும்கிறார். புது அக்ரிமென்ட் போட புரோக்கருக்கு மறுபடியும் அரை மாச வாடகை கொடுக்கணுமாம். முடியாதுன்னா காலி பண்ணுங்க, பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்கிறார். இதெல்லாம் சட்டப்படி சரியா?"

இந்தக் கேள்வியைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. ஏன்னா இதே மூணு விஷயம் வருஷா வருஷம் எனக்கு வருது.

புரோக்கர் விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். வீட்டைக் காட்டினார், அதுக்கு அன்னைக்கே கமிஷன் வாங்கிட்டார். புதுப்பிக்கும்போது அவர் என்ன வேலை செஞ்சார்? நீங்க எழுதிக் கொடுத்திருந்தா ஒழிய, கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்ல. வாடகை ஏத்துறது, அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கோ அதுதான். 5 சதவீதம்னு இருந்தா 5 சதவீதம். ஒண்ணுமே எழுதலைன்னா பேரம்தான். காலம் முடிஞ்சபிறகு அதே வாடகைக்கு நீட்டிச்சே ஆகணும்னு ஓனரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இந்த 11 மாசக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா கட்டாயம் பதியணும்னு அதுல இருக்கு. அதனால ஒரு மாசத்தைக் குறைச்சு, முத்திரைத்தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்தப் பழக்கம் இன்னும் போகல. ஆனா நம்ம தமிழ்நாட்டுல 2017ல புது வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22ல இருந்து அது நடைமுறையில இருக்கு. பழைய 1960 வாடகைச் சட்டம் போயிடுச்சு. இப்ப 11 மாசமோ 3 வருஷமோ, எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்டப் பதியணும். அதுக்குன்னே அரசோட இணையதளம் இருக்கு. நான் எப்பவும் சொல்றதுதான்: பேசினதை எழுதுங்க, எழுதினதைப் பதியுங்க.

இப்ப பெயிண்டிங். இதுல நான் கொஞ்சம் நிக்கணும். அந்த 2017 சட்டத்தோட இரண்டாவது அட்டவணையைப் படிச்சுப் பாருங்க. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்பட்டா தண்ணிக் குழாய் மாத்துறது, வயரிங், இதெல்லாம் ஓனர் பக்கம். டேப் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர் ரிப்பேர், பூட்டு, கண்ணாடி, இதெல்லாம் நம்ம பக்கம். வெயில்ல வெளுத்த சுவர், அடுப்படிக்குப் பின்னாடி கொஞ்சம் மங்கின இடம், இதெல்லாம் மனுஷங்க குடியிருந்த அடையாளம். இயல்பான தேய்மானம். அதுக்கு வாடகைதான் மாசாமாசம் கொடுக்கிறோமே! ஆனா "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு வாடகைதாரருடையது"ன்னு ஒரு வரி இருந்து, அதுல நீங்க கையெழுத்தும் போட்டிருந்தா கதை மாறிடும். ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கவும் சட்டம் இடம் கொடுக்குது. தங்கச்சி, முதல்ல உங்க தாளை எடுத்து அந்த வரி இருக்கான்னு பாருங்க.

எங்க சித்தப்பா மகன் மடிப்பாக்கத்துல குடியிருந்தான். மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து ஒழுகி அவன் ஹால் சுவர் பூரா பூசணம். குடிபோன கொஞ்ச நாள்லயே ஓனருக்கு போட்டோ அனுப்பியிருக்கான், அவரும் "பாக்கறேன்"னு பதில் போட்டிருக்கார். காலி பண்ணும்போது அதே சுவருக்குக் காசு பிடிச்சார். இவன் சண்டையே போடல. அந்தப் பழைய போட்டோவையும் பதிலையும் தேதியோட திருப்பி அனுப்பினான். பிடிச்ச காசு வந்துடுச்சு. எழுத்துக்கு இருக்கிற பலம் அது.

அட்வான்ஸ்லயும் இதே கதைதான். சென்னையில 10 மாச வாடகை வாங்குறது பழைய வழக்கம். சட்டம் மூணு மாசம்னு சொல்லுது. ஆனா அங்கேயும் "வேறுவிதமா ஒப்பந்தம் இருந்தா ஒழிய"ன்னு ஒரு வாசல் திறந்திருக்கு. அந்த வாசலை அடைச்சிருக்கணும்கிறது என் கருத்து. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பணும்.

ஓனர்கள் ஏன் பதியத் தயங்குறாங்க? வருமான வரிக்கு வாடகை தெரிஞ்சிடும்கிற பயம் ஒண்ணு. நீங்க வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல வாடகை கொடுத்து, சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப்படிக்கு (எச்ஆர்ஏ) வரிவிலக்கு கேட்டா, ஓனரோட பான் எண் வேணும். அங்கேயே பலபேருக்கு முகம் மாறிடும். இன்னொண்ணு, வீட்டை விட்டா திரும்ப வாங்க முடியாதுங்கிற பயம். அந்தக் காலத்து வழக்குகளைப் பார்த்தவங்களுக்கு அது நியாயமான பயம்தான். ஆனா இந்த 2017 சட்டத்துல எழுத்து ஒப்பந்தம் போடாததே காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம். அப்ப பதியாம இருந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து.

உண்மையில என்கிட்ட நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி, சாவி வாங்குற அன்னைக்கு என்ன செய்யணும்கிறது. யாருமே அதைக் கேக்கறதில்ல! அன்னைக்கு ஒவ்வொரு அறையா வீடியோ எடுங்க, விரிசல், கறை, குழாய் ஒழுகல் எல்லாம். அதை ஓனருக்கே அனுப்புங்க. வாடகை எவ்வளவு ஏறும், பெயிண்டிங் யாரோடது, அட்வான்ஸ் எத்தனை நாள்ல வரும், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, இந்த நாலும் தாள்ல வரணும். கரண்ட் பத்தித் தனி வீடியோவே போட்டிருக்கேன், பாக்காதவங்க பாருங்க. பேசினதை எழுதுங்க, எழுதினதைப் பதியுங்க.

தங்கச்சி, உங்களுக்கு இப்ப செய்ய வேண்டியது: இன்னைக்கே வீட்டை வீடியோ எடுத்து வைங்க. புதுப்பிக்கிறதா இருந்தா, பதிவு பண்ற அக்ரிமென்ட்தான் வேணும்னு வாட்ஸ்அப்ல மரியாதையா எழுதிக் கேளுங்க. காலி பண்றதா இருந்தா, என்னென்ன பிடிப்பீங்க, ரசீது தருவீங்களான்னு அதையும் எழுத்துல கேளுங்க. அப்புறமும் தரலைன்னா வாடகை நீதிமன்றம் இருக்கு. ஆனா பதியாத தாளோட போனா உங்க பக்கம் பலவீனமாயிடும், அதனால போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பார்த்துடுங்க. ஓனர் என்ன பதில் சொன்னார்னு கமெண்ட்ல எழுதுங்கம்மா.