பந்தியில் இலையை உருவினால்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கா 2025இல் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

1965இல் நான் குளச்சல் பக்கம் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மதிய மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்போம். மஞ்சள் சோளமாவு உப்புமா, சில நாள் பால்பொடி கரைத்த பால். எண்ணெய் வந்த தகர டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். ஆனி, ஆடியில் கடல் சீறினால் வீட்டில் மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள மீன்கூட இருக்காது. அந்த உப்புமா ருசியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு நிறைந்தது.

அது அமெரிக்க அரசின் உதவி என்பது பின்னால்தான் புரிந்தது. அந்த வருடங்களில் ஜனாதிபதி ஜான்சன் இந்தியாவுக்கான கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்துப் பிடித்துத்தான் விட்டார். வியட்நாம் போரை நாம் குறை சொன்னதில் அவருக்குக் கோபம். அந்த உறுத்தலும் சேர்ந்துதான், சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது, 1966இல் அதிகம் விளையும் மெக்சிகோ கோதுமை விதை 18,000 டன் வந்து இறங்கியது. ஆகவே, 'உதவியை நிறுத்தினால்தான் சொந்தக் காலில் நிற்பான்' என்பவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். சரி, ஆனால் ஒன்று. அன்று கப்பல் பிந்தியதே தவிர, நிற்கவில்லை. வயல் விளைய அவகாசம் கிடைத்தது.

2025இல் அந்த அவகாசம் இல்லை. ஜனவரி 20, டிரம்ப் பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு உதவிக்கு 90 நாள் தடை. ஜூலை 1ஆம் தேதி, அந்த உதவியை நடத்திவந்த யுஎஸ்எய்ட் என்ற அரசு அமைப்பே உதவி வேலையை நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் அந்த நாட்டு பட்ஜெட்டில் இந்த உதவி நூற்றில் ஒரு பங்குதான். சூடானில் போருக்கு நடுவே ஊர் மக்களே நடத்திய கஞ்சித்தொட்டிகள் நூற்றுக்கணக்கில் மூடின. அந்த உதவியில் வந்த எச்ஐவி மாத்திரை நின்றால், அடங்கிக் கிடந்த கிருமி சில வாரங்களில் தலைதூக்கிவிடும்.

நம்ம ஊரில் தெருவுக்கு நாலு பேர் போய்வந்த துபாய் இருக்கிறதே, அங்கே ஒரு கிடங்கில் அமெரிக்கா வாங்கி வைத்த, பசித்த குழந்தைகளுக்கான சத்து பிஸ்கட் கிட்டத்தட்ட 500 டன் கிடந்தது. 15 லட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரம் காணும். அனுப்பச் சொல்ல ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்து, ஜூலையில் தேதி முடிந்தது. எரித்துவிட உத்தரவு. எரிப்பதற்கும் காசு செலவு.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் சரக்கு வராத நாட்கள் உண்டு. சமையல்கார அம்மா வெறும் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருப்பார். நாளைக்கு உண்டா என்று கேட்போம்.

"வந்தா உண்டு மக்களே" என்பார்.